யாருக்கோ கொடுக்கும் ரத்தம்

அடி அண்ணாமலை,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மார்கழி பிறந்ததிலிருந்து விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி எங்களை எழுப்பிவிடுகிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் நம்ம ஊர்தான் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு பெருமை. அதனால் தூக்கம் கெடுவதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு "எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதானே. பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. காலேஜில் நடக்கும் ரத்ததான முகாமுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஏற்கெனவே ஒல்லிப் பிள்ளை, இன்னும் இளைத்துப்போவான் என்று அவன் அம்மா கலங்குகிறாள். நீ சொன்னது வேறு: "நம்ம வீட்ல யாருக்காவது வேணும்னா சொல்லு, நானே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்கிறேன். யாருக்கோ எதுக்குக்கா கொடுக்கணும்?"

அவளுடைய பயத்துக்கு மருந்து இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன். உன் கேள்வியைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்த காலமெல்லாம், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனையோ பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆளுக்குத் தகுந்தபடி ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதை நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து வாதாடி, ஒரு முடிவுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் மாடி வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் யூதர்கள்.

மாடி வீட்டம்மாவை உனக்குத் தெரியும், போன தடவை வந்தபோது உனக்குக் கறுப்பு டீ போட்டுக் கொடுத்தாரே. இஸ்ரேலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர் காலத்துக்கு வந்தால் மாசி வரைக்கும் இருப்பார். திருவண்ணாமலைக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, அது இன்று நேற்று வந்ததில்லை. ரமண மகரிஷியை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கு முதலில் பெரிதாக அறிமுகப்படுத்திய பால் பிரண்டன் லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எஸ்.எஸ். கோஹன் ஈராக்கிலிருந்து வந்த யூதர். 1936-ல் இங்கே வந்து, ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் ஒரு குடில் போட்டுக்கொண்டு தங்கியவர், பிறகு ரமணரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். மாரிஸ் ஃப்ரீட்மன் போலந்து யூதர், இன்ஜினீயர். அவுந்த் சமஸ்தானத்தில் கிராமங்களுக்கே ஆட்சியை ஒப்படைக்கும் வேலையில் காந்தியோடும் ராஜாவோடும் நின்றவர், பின்னால் திபெத்திய அகதிகளுக்காகவும் அலைந்தவர். தனக்கு எந்த உறவும் இல்லாத ஜனங்களுக்காக ஆயுளைச் செலவழித்தவர்கள் இந்த மலையைச் சுற்றி நடந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மாடி வீட்டம்மாவின் சமையலைப் பார்த்துத்தான் பேச்சு ஆரம்பித்தது. முட்டையை அவர் நேரே வாணலியில் உடைக்க மாட்டார். ஒரு கண்ணாடி டம்ளரில் ஒவ்வொன்றாக உடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியையும் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி தெரிந்தால் போதும், அந்த முட்டை குப்பைக்குப் போய்விடும். டம்ளரைக் கழுவிவிட்டு அடுத்த முட்டையை எடுப்பார். விலை விற்கிற விலையில் எனக்கு வயிறு எரியும்.

கேட்டேன். ரத்தத்தை உண்ணக் கூடாது என்பது அவர்கள் வேதத்தில் கண்டிப்பான சட்டமாம். கறி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பு தூவி, சாய்வான பலகையில் வடிய விட்டு, அலசிய பிறகுதான் அடுப்பில் ஏறும். ஈரலுக்கு உப்பு மட்டும் போதாது, நெருப்பில் சுட்டே ஆக வேண்டும். கோழி அறுத்தால் சிந்திய ரத்தத்தின் மேல் மண் போட்டு மூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியலுக்கு நீயும் நானும் போட்ட சண்டையை அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார், நல்ல மனுஷி.

காரணம் இதுதான். உயிர் இருப்பது ரத்தத்தில். உயிர் படைத்தவனுக்குச் சொந்தம். அதனால் அது சாப்பாட்டுப் பண்டம் ஆகாது, மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "இவ்வளவு ஒதுங்குற நீங்க எப்படி ரத்தம் கொடுக்குறீங்க?" என்று கேட்டேன். ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான், இங்கே ரத்தம் எங்கே கொடுக்கலாம் என்று என்னிடம் விசாரித்திருந்தார். அவர் சொன்னார்: "அதில் உயிர் இருக்கிறது, அதனால் தின்னக் கூடாது. அதே காரணத்துக்காகத்தான் கொடுக்க வேண்டும்."

உயிரைக் காப்பது என்று வந்தால் அவர்கள் மதத்தில் அநேகமாக எல்லாச் சட்டமும் விலகி நிற்கும். இன்று வெள்ளிக்கிழமை இல்லையா, பொழுது சாயும் முன் மாடியில் மெழுகுவத்தி ஏற்றுவார். அதிலிருந்து நாளை இருட்டும் வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார், போனைத் தொட மாட்டார், ஆட்டோவில் ஏற மாட்டார். ஆனால் ஒரு உயிர் ஆபத்தில் இருந்தால் அந்த ஓய்வு நாளையும் மீறலாம், மீறவே வேண்டும், யாரிடமும் உத்தரவு கேட்டு நேரம் கடத்தக் கூடாது என்பதும் சட்டம்தான். அவர்கள் ஊர் ஆம்புலன்ஸ் ஓடுவதும் ரத்த வங்கி நடப்பதும் ஒரே அமைப்பின் கீழ். மாகென் டேவிட் அடோம் என்று பெயர், 1930-ல் டெல் அவிவில் ஆரம்பித்தது. சனிக்கிழமையும் அந்த வண்டிகள் ஓடும். தெருமுனையில் ரத்த வேன் வந்து நின்றால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்றார், பால் வாங்கி வந்த மாதிரி. அமெரிக்காவில் பல யூதக் கோயில்கள் தங்கள் மண்டபத்திலேயே முகாம் நடத்துகின்றன. முகாம் அவர்களுடையது, ரத்தம் போவது ஊருக்கெல்லாம்.

இப்போது உன் "யாருக்கோ"வுக்கு வருகிறேன். இதே சந்தேகம் அவர்கள் பண்டிதர்களுக்கும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்தில் எசக்கியேல் லாண்டாவ் என்று ஒரு பெரிய ரப்பி இருந்தார். லண்டனிலிருந்து அவருக்கு ஒரு கேள்வி போனது. இறந்தவரின் உடலை அறுத்துப் பார்த்தால் அதே நோயுள்ள வேறொருவருக்குப் பின்னால் பயன்படும் என்கிறார்கள், செய்யலாமா? அவருடைய தீர்ப்பு: அந்த நோயாளி இப்போதே கண்முன் இருந்தால் செய்யலாம். என்றைக்கோ எவனோ வருவான் என்று சொல்லிச் சட்டத்தை மீறக் கூடாது. உன் வாதம்தான், கொஞ்சம் படித்தவர் வாயில் வந்திருக்கிறது.

ரத்த வங்கிகள் வந்தபோது அதே அளவுகோலைப் பலர் கையில் எடுத்தார்கள். உடம்பைக் காரணமில்லாமல் காயப்படுத்திக்கொள்வதும் அவர்களுக்குப் பாவம். கண்முன் நோயாளி இல்லாதபோது ஊசி குத்திக்கொள்ளலாமா? நியூயார்க்கில் இருந்த மோஷே ஃபைன்ஸ்டைன் என்ற ரப்பி, முற்காலத்தில் ரத்தம் எடுத்துவிடுவது வைத்தியமாகவே இருந்தது, வலியும் சொற்பம், ஆகவே தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். இன்னும் சிலர் ஒரு படி மேலே போனார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் காலத்தில் நாளைக்கு ரத்தம் தேவைப்படப் போகிறவன் வருவானோ மாட்டானோ என்ற சந்தேகமே கிடையாது, அவன் கட்டாயம் வருவான், ஆகையால் அவன் இப்போதே கண்முன் நிற்பதாகத்தான் கணக்கு என்றார்கள். தம்பி, நான் கவுண்ட்டரில் இருந்தவள். அந்தக் கணக்கு சரி. ஒரு நாள்கூட அவன் வராமல் இருந்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். மைமோனிடிஸ் என்று 12-ஆம் நூற்றாண்டில் ஒருவர் இருந்தார். ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் அரசவை வைத்தியராக இருந்தவர், யூதச் சட்டங்களையெல்லாம் தொகுத்து வைத்தவரும் அவரே. தானத்தை அவர் எட்டுப் படியாக அடுக்குகிறார். எல்லாவற்றுக்கும் மேல் படி, ஒருவனுக்கு வேலையோ கடனோ கொடுத்து அவன் சொந்தக் காலில் நிற்கும்படி செய்வது. அதற்கு அடுத்த படி, கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாமலும், வாங்குபவருக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாமலும் கொடுப்பது. பழைய எருசலேம் கோயிலில் இதற்கென்றே ஒரு அறை இருந்ததாம். வசதியுள்ளவர்கள் யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவார்கள், நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சம்பளம் வாங்கிய இடமே அப்படியொரு அறைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நம் கதைகளில் சிபிக்குப் புறா எதிரே இருந்தது, கண்ணப்பருக்குச் சாமியே எதிரே இருந்தார். முகம் பார்த்துக் கொடுப்பது எளிது என்று சொல்ல மாட்டேன், தொடைச் சதையை அறுப்பதும் கண்ணைப் பிடுங்குவதும் எளிதா என்ன. ஆனாலும் யாரென்று தெரிந்து கொடுத்தார்கள்.

ரத்த விஷயத்தில் முகம் தெரியாமல் கொடுப்பது 1915-க்கு முன்னால் நடக்கிற காரியமே இல்லை. கொடுப்பவரையும் வாங்குபவரையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்து, குழாயைக் குழாயோடு சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். வெளியே எடுத்தால் சில நிமிஷத்தில் உறைந்துவிடும். சோடியம் சிட்ரேட் சேர்த்தால் உறையாது என்று தெரியும், ஆனால் அளவு கூடினால் அதுவே விஷம். எவ்வளவு சேர்த்தால் ரத்தமும் உறையாது ஆளுக்கும் ஆபத்தில்லை என்று பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் 1914-லேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 0.2 சதவீதம் போதும் என்று 1915-ல் கணக்காகச் சொன்னவர் ரிச்சர்ட் லூயிசோன், நியூயார்க் மவுன்ட் சினாய் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த ஆஸ்பத்திரி 1852-ல் யூதர் ஆஸ்பத்திரி என்ற பெயரில் தொடங்கியது. எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கிறோமே, பெயர் மட்டும் எதற்கு இப்படி என்று 1866-ல் மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் உன் பையன் கையிலிருந்து போகும் பையில் 350 மில்லி ரத்தத்துக்கு 49 மில்லி மருந்து முன்கூட்டியே இருக்கும், அதில் முக்கியமான சரக்கு அந்த சிட்ரேட்தான். அது இல்லாவிட்டால் "யாருக்கோ" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரத்த குரூப் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனரும் ஆஸ்திரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு கத்தோலிக்கராக மாறிக்கொண்டார். அவர் பிறந்த நாளான ஜூன் 14-ஐத்தான் உலக ரத்ததானிகள் தினம் என்று கொண்டாடுகிறோம். இன்னொருவர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். முதல் உலகப் போரில் கிரேக்க நாட்டு சலோனிகாவில் பல தேசத்துப் பட்டாளம் கூடியிருந்தபோது, அவரும் அவர் மனைவியும் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நம் நாட்டுச் சிப்பாய்களும் அதில் உண்டு. இந்தியர்களிடம் பி குரூப் அதிகம் என்று 1919-ல் முதலில் எழுதியது அவர்கள்தான். நீயும் நானும் பி பாசிடிவ், நம் அப்பாவும் அப்படியே. அதே ஹிர்ஷ்ஃபெல்டை இரண்டாம் போரில் நாஜிகள் வார்சா கெட்டோவில் அடைத்தார்கள். மதம் மாறியவர் என்பது எடுபடவில்லை. அடைபட்ட இடத்திலும் மாணவர்களுக்கு ரகசியமாக மருத்துவப் பாடம் நடத்தினார்.

இந்த ஜனத்துக்கு ரத்தத்தின் பேரால் நடந்தது கொஞ்சமில்லை. கிறிஸ்தவக் குழந்தைகளைச் சடங்குக்காகக் கொல்கிறார்கள் என்ற பழி 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நார்விச் ஊரில் கிளம்பியது, ரத்தத்தை எடுக்கிறார்கள் என்பதும் பின்னால் சேர்ந்துகொண்டது. முட்டையில் புள்ளி இருந்தாலே கொட்டிவிடுகிறவர்கள் மேல் இந்தப் பழி! அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் ஊராகக் கொன்றார்கள், விரட்டினார்கள். 1913-ல்கூட கீவ் நகரத்தில் பெய்லிஸ் என்பவரை இதே குற்றத்துக்குக் கூண்டில் ஏற்றி, கடைசியில் குற்றமற்றவர் என்று விட வேண்டியிருந்தது. பிறகு 1935-ல் ஜெர்மனியில் ரத்தச் சுத்தம் காக்கிறோம் என்று சட்டம் வந்தது. அந்த வருஷமே ஹான்ஸ் செரெல்மன் என்ற யூத டாக்டர், சாகக் கிடந்த ஒரு ஜெர்மானிய நோயாளிக்கு வேறு ஆள் கிடைக்காமல் தன் ரத்தத்தையே கொடுத்தார். அதற்காக அவரை வதைமுகாமில் அடைத்தார்கள். எடுத்தார்கள் என்றும் பழி, கொடுத்தாலும் குற்றம். அப்படிப்பட்டவர்கள், எங்கள் ரத்தம் எங்களுக்குள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு தடவை, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதே, பை வாங்க வந்த ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது எந்த ஆளுங்க ரத்தம்மா?" என்றார். பையைத் திருப்பி லேபிளைக் காட்டினேன். குரூப், யூனிட் நம்பர், எடுத்த தேதி, காலாவதித் தேதி, ஐந்து டெஸ்ட்டும் நெகட்டிவ். "நீங்க கேக்குறது இதுல எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்றேன். ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஓடினார், உள்ளே அவர் மகள் கிடந்தாள். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "நம்ம வீட்ல யாருக்காவது" என்று நீ போட்ட வட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் அவர் கேள்வி வந்துவிடும், அதற்காகத்தான்.

நம் நாட்டு யூதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் என்று ஒரு கூட்டம், செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்து விற்றவர்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்றே அழைத்தார்கள். அந்தச் சமூகத்தில் 1890-ல் பிறந்தவர் டாக்டர் ஜெருஷா ஜிராட். லண்டனில் படித்துத் திரும்பி, பம்பாய் காமா ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்து, பிரசவத்தில் பெண்கள் சாவதைத் தடுக்கவே வாழ்ந்தவர். 1966-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு நிற்காமல் போகும் ரத்தம்தான் நம் நாட்டில் தாய்மார்களைக் கொண்டுபோகும் பெரிய எமன். அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜில் பை இருந்தால் ஆள் பிழைக்கும். "போய் ஆள் கூட்டிட்டு வாங்க" என்றால் பிழைக்காது.

உன் "யாருக்கோ" யாரென்று எனக்குத் தெரியும், தம்பி. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவள் அவள். கூட வந்தது மாமியாரும் புருஷனும். மாமியாருக்கு வயசு தாண்டிவிட்டது, புருஷனுக்கு ஹீமோகுளோபின் போதாது. இந்த ஊரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. வீட்டுக்கு வீடு ரத்தம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நீ சொல்கிற ஏற்பாட்டில், வீட்டில் ஆள் பலம் உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் போய்விடுவான். முன்பெல்லாம் ஆள் இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ரத்தம் விற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார்கள். சுப்ரீம் கோர்ட் 1996 ஜனவரியில் தீர்ப்பு சொல்லி, 1998-லிருந்து அது ஒழிந்தது. ஒழிந்த இடத்தை யார் நிரப்புவது? காலேஜ் பையன்கள்தான் நிரப்பினார்கள்.

பௌர்ணமிக்கு நீ இங்கே வந்து பார்த்திருக்கிறாய். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அண்டாவில் சாம்பார் சாதம். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டா கரண்டி போடுகிறார்கள்? நீயே ஒரு வருஷம் வாயுலிங்கத்துக்கிட்டே நின்று, கை வலிக்க வலிக்கத் தொன்னை நீட்டினாய். அன்றைக்கு யாருக்கோ எதுக்கு என்று உனக்குத் தோன்றவில்லை.

மாடி வீட்டம்மா கதையை முடித்துவிடுகிறேன். அவர் அப்பாவின் நினைவு நாள் இந்த மாதம் வந்தது. அன்றைக்கு ஏதாவது தர்மம் செய்வது வழக்கமாம், அவர் வருஷா வருஷம் ரத்தம் கொடுத்து வந்திருக்கிறார். ஊர் திரும்பினால், மலேரியா உள்ள தேசத்துக்குப் போய் வந்தவர் என்று கொஞ்ச காலத்துக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் இங்கேயே கொடுக்க ஆசை. டவுனில் நடந்த ஒரு முகாமுக்கு அழைத்துப் போனேன். விரல் நுனியில் குத்தி, மயில்துத்தம் கரைத்த நீல நீரில் ஒரு சொட்டு விட்டார்கள். நல்ல ரத்தம் என்றால் கல் மாதிரி இறங்கும். அவர் சொட்டு கொஞ்சம் இறங்கியது, நடுவில் தயங்கியது, மேலே வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே. டெக்னீஷியன் பெண் தலையை ஆட்டினாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் அவரே எழுந்து போய் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை வந்த பிள்ளைகளையெல்லாம், பத்து நிமிஷம் ஆகாமல் எழுந்திருக்கக் கூடாது என்று டீச்சர் அதட்டலோடு உட்கார வைத்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "உக்காரு", "குடி" இரண்டும்தான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அவர் தேசத்துப் போரைப் பற்றி நீ கேட்பாய். நானும் கேட்டேன். அவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை, கண் கலங்கினார். நான் மேலே கிளறவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர்களுடைய மாகென் டேவிட் அடோமையும் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தையும் உலகச் செஞ்சிலுவை இயக்கத்தில் 2006-ல் ஒரே சமயத்தில் சேர்த்தார்கள். தலைவர்களால் முடியாததை ரத்தமும் கட்டுத்துணியும் சுமப்பவர்கள் ஒரு நாளாவது செய்து காட்டினார்கள்.

இனி உன் வீட்டுக்காரிக்கு. அவளிடம் இதை வாசித்துக் காட்டு. எடை 45 கிலோ இருந்தால் போதும், 350 மில்லிதான் எடுப்பார்கள். சராசரி ஆள் உடம்பில் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் ஓடுகிறது. போன தண்ணீர்ச் சத்து ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும், சிவப்பணு ஒன்றிரண்டு மாதத்தில் நிறைந்துவிடும். அதனால்தான் ஆண்களுக்குத் தொண்ணூறு நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், முந்தின ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஊசி புதியது, ஒரு ஆளுக்கு ஒன்றுதான், தொற்று வர வழியே இல்லை. கொடுத்த பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கக் கூடாது, அன்றைக்கு ஜிம்முக்கும் லீவு. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் அவமானம் ஒன்றுமில்லை, காசு செலவில்லாமல் ஒரு குறை தெரிந்தது என்று வைத்துக்கொண்டு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போடுங்கள். அவன் கொடுக்கும் ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் மூன்று பேருக்குப் போகும். சிவப்பணு 42 நாள் வரை தாங்கும், தட்டணு ஐந்தே நாள். பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விட்டால் முகாம்கள் நின்றுவிடும், கோடையில் ஃப்ரிட்ஜ் காலியாகக் கிடக்கும். அதனால் ஏப்ரல், மே மாதத்திலும் ஒரு தடவை அவனை நினைவுபடுத்து.

பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான், நம்ம ரத்தம். என் யோசனை உன்னைப் பற்றி. உனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. முதல் தடவை கொடுப்பவர்களுக்கு அறுபது வரை இடம் உண்டு. சர்க்கரைக்கு இன்னும் ஊசி போடவில்லை, பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். முகாமுக்கு அவனை நீயே கூட்டிக்கொண்டு போ. கூட்டிப் போனவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பொங்கலுக்கு எல்லோரும் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அன்பு அக்கா.